கடிதம் சலிக்கும் குறுநிரல்

கொல்லிமலையில் இருக்கும் வாழவந்தி நாட்டுக்கு ஒரு தபால் அட்டை எழுதி, முகவரியின் கடைசியில் 637411 என்று போடுகிறீர்கள். முதல் இலக்கமான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென் மண்டலத்துக்கு அதைத் திருப்பிவிடுகிறது. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று சொல்கின்றன. கடைசி மூன்றும் எந்தத் தபால் நிலையம் என்று காட்டுகின்றன. அதன்பின் அட்டை காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையின் செம்மேட்டுக்கு வந்துவிடும். வழியில் யாரும் அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்துக் கொடுத்து, 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையின் அழகே அதுதான். படிக்காமலே பிரித்துவிடலாம்.

மின்னஞ்சலில் நிலைமை வேறு. கடிதம் சரியான பெட்டிக்கு நொடியில் வந்துவிடுகிறது. பிரிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரே பெட்டிக்குள் வியாபாரியின் விலை விசாரிப்பும், வேளாண்மைத் துறையின் சுற்றறிக்கையும், வங்கியின் அறிவிப்பும், லாட்டரியில் கோடி விழுந்திருப்பதாகச் சொல்லும் மோசடியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. எது எது என்று தெரிய வேண்டுமானால் யாராவது படித்தாக வேண்டும். அந்த வாசிப்பை ஒரு சின்ன நிரலிடம் ஒப்படைக்க முடியும். இருபது முப்பது வரியில் நீங்களே எழுதக்கூடிய நிரல் அது. தமிழில் கடிதம் எழுதுகிறவர்களுக்கு அப்படியொரு நிரல் கட்டாயம் வேண்டும் என்பது என் துணிபு. காரணத்தை வாழவந்தி நாட்டை வைத்தே சொல்லிவிடலாம்.

செம்மேட்டில் மிளகும் சாமையும் விற்கும் ஓர் உழவர் குழு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த மலையில் அது இயல்பான கற்பனைதான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்தே இங்கே சாமை, தினை போன்ற சிறுதானியங்களைக் காக்கவும், அவற்றை விற்பனைக்குக் கொண்டுசெல்லவும் உழவர்களோடு சேர்ந்து உழைத்து வந்திருக்கிறது. நம் குழுவின் மின்னஞ்சலைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஊர்ப் பெயர் வரும் கடிதங்களையெல்லாம் தனி ஃபோல்டரில் போட நினைக்கிறார். பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் வடிகட்டி இருக்கிறது. பொருள் வரியில் இன்ன சொல் இருந்தால் இன்ன ஃபோல்டர் என்று ஒரு விதி எழுதிவிடலாம்.

'வாழவந்தி' என்று விதி எழுதுகிறார். மலையடிவாரத்துக்கு அப்பால், மோகனூர் ஒன்றியத்தில் எஸ்.வாழவந்தி என்று இன்னோர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் செய்தியும் இங்கே வந்து விழுகிறது. சரி, 'நாடு' என்று வைக்கலாமா? 'தமிழ்நாடு அரசு' என்று தொடங்கும் ஒவ்வொரு கடிதமும் உள்ளே வந்துவிடும். போதாக்குறைக்கு, கொல்லிமலையின் பதினான்கு ஊராட்சிகளுமே நாடுகள்தான்: வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று வரிசை நீளும். 'வாழவந்தி நாடு' என்று முழுப் பெயரையும் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் தமிழில் யாரும் எல்லா வாக்கியத்திலும் அப்படி எழுதுவதில்லை. 'வாழவந்தி நாட்டில் மிளகு என்ன விலை?' என்று கேட்பார்கள். 'வாழவந்தி நாட்டுக்கு எப்போது வரலாம்?' என்பார்கள். நாடு, வேற்றுமை உருபு ஏறியதும் நாட்டு ஆகிவிடுகிறது. விதியில் இருக்கும் 'நாடு' என்ற வடிவம் அந்த வாக்கியங்களில் இல்லவே இல்லை. செயலி தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கடிதத்தை விட்டுவிடும்.

செயலியின் கீழ்விழும் பட்டியலில் இருக்கும் 'உள்ளது', 'இல்லை', 'தொடங்குகிறது', 'முடிகிறது' என்ற நான்கைந்து நிபந்தனைகளை வைத்துக்கொண்டு இதைச் சரிசெய்ய முடியாது. அந்த நிபந்தனைகளை வகுத்தவர்களின் மனத்தில் இருந்தது ஆங்கிலம். ஆனால் சில செயலிகள் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. எவல்யூஷனிலும் கிளாஸ் மெயிலிலும் வெளி நிரல் ஒன்றையே நிபந்தனையாக வைக்கலாம். கேமெயிலில் கடிதத்தை ஒரு நிரலின் வழியாகச் செலுத்தி எடுக்கலாம். தண்டர்பேர்டில் ஃபில்டாகுவில்லா என்ற துணைநிரலைச் சேர்த்தால் வடிகட்டியிலிருந்து வெளி நிரலை ஓடவிடலாம். தமிழ்நாட்டில் வளர்ந்த ஜோஹோவின் மெயிலில், டெலுஜ் மொழியில் எழுதிய நிரலை வடிகட்டியோடு இணைக்கலாம். ஜிமெயிலின் வடிகட்டி நேரடியாக இதற்கு இடம் தராது. அங்கே கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு நிரல் எழுதி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஓடி லேபிள் ஒட்டும்படி செய்ய வேண்டும்.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்கு வியப்பு அதிகம். மின்னஞ்சல் செயலிக்கும் உங்கள் நிரலுக்கும் ஒன்றையொன்று தெரியாது. ஒன்று சி மொழியில் எழுதப்பட்டிருக்கலாம், இன்னொன்று பைத்தானில். எழுதியவர்கள் சந்தித்ததே இல்லை. இருந்தாலும் இரண்டும் பேசிக்கொள்ள முடிகிறது. செயலி கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே நிரலின் நுழைவாயிலில் ஊற்றுகிறது. நிரல் படிக்கிறது, யோசிக்கிறது, முடிகிறது. முடியும்போது ஒரே ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் ஆம். வேறு எந்த எண்ணானாலும் இல்லை. ஒரு முழுக் கடிதத்தைப் பற்றிய தீர்ப்பு அந்த ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் பெல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீட்டில் பொருத்த ஒரு வழி வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதி வைத்தார். 1973இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் செய்து காட்டினார். 'பைப்' என்று பெயர். முடிவெண்ணில் 0 வெற்றியைக் குறிப்பது முதலில் பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். அதற்கு நியாயம் உண்டு. வேலை சரியாக முடிவதற்கு ஒரே வழிதான், கெட்டுப்போகப் பல வழிகள். ஆகவே 0 ஒன்றை வெற்றிக்கு ஒதுக்கிவிட்டு, 1 முதல் 255 வரை தோல்வியின் வகைகளுக்கு விட்டுவிட்டார்கள். அவற்றுள் 75 என்ற எண் அஞ்சல் உலகத்தில் மிகவும் மதிப்புக்குரியது. 'இப்போது முடியவில்லை, பிறகு பார்க்கலாம்' என்பது அதன் பொருள். அஞ்சல் சர்வரில் ஓடும் நிரல் வட்டில் இடம் இல்லாமலோ வேறு காரணத்தாலோ தடுமாறி 75 என்று சொல்லிவிட்டால், சர்வர் கடிதத்தைத் தூக்கி எறியாது. வரிசையில் நிறுத்திவைத்து மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் இயல்பாக ஐந்து நாள் வரை அப்படிக் காத்திருக்கும். யாருடைய கடிதமும் தொலையக் கூடாது என்ற கவனம் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கிறது.

வேண்டாத கடிதத்தைப் பற்றிய கவலை இதையெல்லாம் ஒட்டியே பிறந்தது. வேண்டாத செய்திகளை மறுக்க ஒரு கணினிக்கு வழி இருக்க வேண்டும் என்று ஜான் போஸ்டல் 1975 நவம்பரில் ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். ஆர்ப்பாநெட் பயனர்கள் ஏறக்குறைய நானூறு பேருக்கு கேரி தூர்க் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பியது 1978 மே மாதத்தில். ஸ்பேம் வரலாற்றின் முதல் கடிதம் அது என்பார்கள். நோய்க்கு முன்பே மருந்தைப் பற்றிய யோசனை வந்திருக்கிறது. 1990இல் ஸ்டீஃபன் வான் டென் பெர்க் எழுதிய ப்ரோக்மெயில், வெளி நிரலுக்குக் கடிதத்தை ஊற்றும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. ஒரு செங்குத்துக் கோட்டை இட்டு, பக்கத்தில் நிரலின் பெயரை எழுதினால் போதும். அன்றைய பல்கலைக்கழகக் கணினிகளில் அதை நம்பியே பலர் அஞ்சல் படித்தார்கள்.

இப்போது வாழவந்தி நாட்டுக் கடிதத்தை நிரலின் கண்ணால் பார்ப்போம். இங்கேதான் தமிழ் வாசகர் நின்று பார்க்க வேண்டிய காட்சி இருக்கிறது.

திரையில் 'வாழவந்தி' என்று தெரிகிறது. ஐந்து எழுத்து: வா, ழ, வ, ந், தி. யூனிகோடில் அதே சொல் எட்டுக் குறியீடுகள். வ-வுக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று, புள்ளிக்குத் தனியாக ஒன்று, இகரக் குறிக்கு ஒன்று என்று கணக்குப் போகும். கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக மொத்தம் 24 பைட். ஆனால் மின்னஞ்சலின் தலைப்பு வரிகள் 1970களின் வழக்கப்படி ஆங்கில எழுத்து, இலக்கம், சில குறிகள் இவற்றுக்காகவே அமைந்தவை. வேறு மொழி எழுத்துகளை அந்த வரிகளில் எப்படி ஏற்றி அனுப்புவது என்பதற்கு 1992இல் ஒரு முறை வகுத்தார்கள். 1996இல் அது இன்றைய வடிவத்துக்கு வந்தது. அதில் பயன்படும் பேஸ்-64 என்ற குறியேற்றத்தில் மூன்று மூன்று பைட்டாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு ஆங்கில எழுத்தாகவோ இலக்கமாகவோ குறியாகவோ மாற்றுவார்கள்.

தமிழுக்கு ஒரு குறியீட்டுக்குச் சரியாக மூன்று பைட் என்று பார்த்தோம். ஆகவே ஒரு தமிழ்க் குறியீடு, அளவு பிசகாமல் நான்கு எழுத்தாக மாறி உட்கார்கிறது. அதுவும் எல்லாத் தமிழ்க் குறியீடும் ஒரே முகத்தோடு தொடங்கும்: முதலில் 4 என்ற இலக்கம், அடுத்து 'கே' என்ற ஆங்கில எழுத்து, மூன்றாவதாக 6 அல்லது கூட்டல் குறி. நான்காவது எழுத்தில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு. நம் மெய்யெழுத்தின் புள்ளி எப்போதும் '4, கே, கூட்டல், என்' என்றே வரும். ஒரு தமிழ்க் கடிதத்தின் மூலத்தை நீங்கள் திறந்து பார்த்தால், 4-உம் கே-யும் நான்கு எழுத்துக்கு ஒருமுறை தாளம் போல விழுவதைக் காணலாம். யாரும் திட்டமிட்டதில்லை. தமிழுக்கு யூனிகோடில் கிடைத்த இடமும், மூன்றை நான்காக்கும் கணக்கும் தற்செயலாக இசைந்து வந்த அழகு அது.

அந்தத் தாளமும் ஓர் இடைவெளி வந்ததும் பிசகிவிடும். 'வாழவந்தி'க்கும் 'நாடு'க்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் ஒரே ஒரு பைட். அது ஒரு பைட்டை நகர்த்திவிடுவதால், அதற்குப் பிறகு வரும் 'நாடு' வேறு உடையில் வருகிறது. இன்னோர் இடைவெளிக்குப் பின் மூன்றாவது உடை. ஆக, ஒரே தமிழ்ச் சொல் ஒரு வரியில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வடிவங்களில் மாறி மாறித் தோன்றும். போதாததற்கு, இந்த முறையில் ஒரு துண்டு 75 எழுத்துக்கு மேல் நீளக் கூடாது என்று விதி. முன்னும் பின்னும் வரும் அடையாளக் குறிகளைக் கழித்தால், ஒரு துண்டில் பதினைந்து தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் கொள்ளாது. கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு எல்லாமே இரண்டு மூன்றாக உடைந்துதான் பயணிக்கிறது. உடைப்பு 'வாழ'வுக்கும் 'வந்தி'க்கும் நடுவிலும் விழலாம்.

மூலத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும் குறுநிரல், இவற்றையெல்லாம் பிரித்து ஒட்டிய பிறகுதான் தேடத் தொடங்க வேண்டும். பைத்தானில் இதற்கான நூலகம் மொழியோடே வருகிறது. சில வரிகளில் வேலை முடியும். அதை மறந்துவிட்டு நேராகத் தேடினால், தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் சிக்காது. ஆங்கிலக் கடிதத்தில் சோதித்துப் பார்த்து நன்றாக ஓடுகிறது என்று நம்பிய வடிகட்டிகள் தமிழில் ஊமையாகிப் போவது இப்படித்தான்.

பிரித்தாகிவிட்டது. இனி 'கொல்லிமலை' என்று தேடுகிறோம். மலையின் பெயரிலேயே அடுத்த கண்ணி காத்திருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீட்டைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், எகரக் கொம்பு, துணைக்கால் என்று மூன்றாக அடுக்குவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'தான். எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ முதலாவது கொல்லிமலை ஒன்பது குறியீடு, இரண்டாவது பத்து. 27 பைட்டும் 30 பைட்டும் எப்படி ஒன்றாகும்? தேடல் பொய்த்துவிடும். யூனிகோடு இரண்டையும் சமம் என்று அறிவித்திருக்கிறது, ஒருவடிவாக்கும் வழியையும் தந்திருக்கிறது. அதைச் செய்யும்படி நிரலில் ஒரு வரி எழுத வேண்டும். கொ, கோ, கௌ வரும் எல்லாச் சொல்லுக்கும் இந்த ஒரு வரி உயிர். கோயம்புத்தூருக்கும் கொடைக்கானலுக்கும் தொண்டிக்கும் இதே கதைதான்.

பழைய கடிதங்களைத் தேடுகிறவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி ஆழம். 1990களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலிலும், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவிலும் தமிழர்கள் கடிதம் எழுதினார்கள். கடல் கடந்த தமிழர்கள் ஒருவரோடொருவர் தமிழிலேயே எழுதிக்கொள்ள முடிந்த அந்த மகிழ்ச்சி சிறியதன்று. பிறகு டிஸ்கி என்ற குறியேற்றம் வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டேப், டேம் என்ற குறியேற்றங்களும் வந்தன. டிஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டன. கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில். யூனிகோடில் ககரம்தான் முதலில். ஆகவே ஒரே கொல்லிமலை, மூன்று நான்கு குறியேற்றங்களில் ஒன்றோடொன்று ஒட்டாத பைட் வரிசைகளாகக் கிடக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபின் புதிய கடிதங்களில் இந்தக் குழப்பம் பெரிதும் ஓய்ந்துவிட்டது. பழையவை அப்படியே இருக்கின்றன. தன் தந்தையின் இருபத்தைந்து ஆண்டு பழைய அஞ்சல் பெட்டியிலிருந்து ஊர்ச் செய்திகளைத் தேடி எடுக்க நினைக்கும் ஒருவருக்கு, செயலியின் தேடல் பெட்டி ஒன்றும் செய்யாது. முதலில் எழுத்தை மாற்றி, பிறகு தேடும் ஒரு குறுநிரல் செய்யும்.

எழுத்துப் பிரச்சினை தீர்ந்தால், சொல் பிரச்சினை. ஒரு கடிதம் வேண்டியதா வேண்டாததா என்று சொற்களைக் கொண்டே கணிக்கும் முறை 1998இல் மெஹ்ரான் சஹாமியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையில் வந்தது. 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எல்லாரும் அதைச் செய்து பார்த்தார்கள். அடிப்படை, 1763இல் அச்சான தாமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கணக்கு. நம் குழுவின் பெட்டியில் நல்ல கடிதம் நூறு, ஸ்பேம் நூறு என்று கொள்வோம். 'மிளகு' என்ற சொல் நல்லவற்றில் நாற்பதிலும், ஸ்பேமில் ஒன்றிலும் வந்திருக்கிறது. இனி 'மிளகு' வரும் கடிதம் நல்லதாக இருக்க நாற்பத்தொன்றுக்கு நாற்பது பங்கு வாய்ப்பு. 'லாட்டரி'க்குக் கணக்கு நேர் எதிராக வரும். ஒரு கடிதத்தில் இருக்கும் எல்லாச் சொற்களின் சாட்சியத்தையும் பெருக்கிச் சேர்த்தால் தீர்ப்பு கிடைத்துவிடும். செம்மேட்டுப் பெட்டிக்கு மிளகு நல்ல சாட்சி. வேறொருவரின் பெட்டியில் அது எதற்கும் சாட்சியாகாது. வடிகட்டி அந்தந்தப் பெட்டியிலேயே கற்றுக்கொள்வதால்தான் இந்த முறைக்கு இவ்வளவு வலிமை.

தமிழில் இந்தக் கணக்கு மெலிந்துபோகிறது. மிளகு, மிளகை, மிளகுக்கு, மிளகின், மிளகோடு, மிளகும் என்று ஒவ்வொன்றும் கணினிக்குத் தனித்தனிச் சொல். நாற்பது முறை வந்த சாட்சி ஆறேழு துண்டாகச் சிதறி, ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை வந்ததாகத் தேய்ந்துவிடும். ஆங்கிலத்தில் சில நூறு கடிதத்தில் கற்றுக்கொள்ளும் வடிகட்டி, தமிழில் தடுமாறுவதற்கு இதுவே முதல் காரணம். ஒரு நல்ல வழி, சொல்லை விட்டுவிட்டு மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி எண்ணுவது. 'கொல்லிமலை'யை நறுக்கினால் கொல்லி, ல்லிம, லிமலை. 'கொல்லிமலையில்' என்பதில் இந்த மூன்றும் அப்படியே இருக்கும், புதிதாக மலையி, லையில் என்ற இரண்டு சேரும். கடைசி எழுத்து மாறாத இத்தகைய சொற்களில் உருபு எது ஏறினாலும் அடிச்சொல்லின் சாட்சியம் சேதமாகாது. ஆனால் நறுக்குவது எழுத்தை. குறியீடுகளை நறுக்கினால் புள்ளி ஒரு பக்கமும் மெய் ஒரு பக்கமுமாகச் சிதறும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் தன்னார்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய திறந்த மூல நூலகம். இலவசமாகக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட உழைப்பைத் தமிழ்ச் சமூகம் போதிய அளவு கொண்டாடவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

தமிழ் தெரியாத வடிகட்டியின் கையில் நம் கடிதம் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பேம்அசாசினையே எடுத்துக்கொள்ளலாம். 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட அருமையான வெளி நிரல் அது. நூற்றுக்கணக்கான விதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், கூட்டுத்தொகை 5ஐத் தொட்டால் ஸ்பேம். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கென்றே 68 எழுத்துள்ள ஒரு வரி வைத்திருக்கிறார்கள், அது இருக்கும் கடிதத்துக்கு 1000 மதிப்பெண். பயனருக்கு எந்த எழுத்து வகைகள் ஏற்புடையவை என்று சொல்ல அதில் ஒரு பட்டியல் உண்டு. மேற்கத்திய மொழிகள், ஜப்பான், கொரியா, ரஷ்யா, தாய்லாந்து, சீனா என்று ஆறு தெரிவுகள். இந்திய எழுத்து ஒன்றுகூட இல்லை. யூடிஎஃப்-8இல் வரும் கடிதத்தை அந்த விதி தொடுவதில்லை என்பதால் இன்று தப்பித்துக்கொள்கிறோம். எழுதியவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வந்த கடிதங்களை வைத்து அவர்கள் விதி எழுதினார்கள். நமக்கு வரும் கடிதங்களுக்கு நாம்தான் எழுத வேண்டும்.

எழுதும் முன் ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். கடிதத்தை அனுப்புவது யார் என்று தெரியாது. அதை உங்கள் கணினியில் ஓடும் ஒரு நிரலிடம் கொடுக்கிறீர்கள். 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்ற ஓட்டை வெளிப்பட்டது. பாஷ் என்ற கட்டளைச் செயலிக்குள் 1989இலிருந்து ஒளிந்திருந்த பிழை. க்யூமெயில் சர்வர், அனுப்புநர் முகவரி போன்ற விவரங்களைச் சூழல் மாறிகளில் வைத்து வெளி நிரலுக்குத் தரும். எதிரில் பாஷ் இருந்தால், முகவரி இருக்க வேண்டிய இடத்தில் எவரோ எழுதியனுப்பிய கட்டளை தானாக இயங்கிவிடும். கடிதத்தை யாரும் திறக்கக்கூட வேண்டியதில்லை. ஆகவே தலைப்பு வரியையோ முகவரியையோ எடுத்து ஒரு கட்டளைக்குள் ஒட்டி ஓடவிடுவது ஒருபோதும் கூடாது. கடிதத்தை நுழைவாயில் வழியாக மட்டும் வாங்கி, வெறும் எழுத்தாக மட்டும் படிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட அச்சத்தால்தான் டிம் ஷோவால்டர் 2001இல் வகுத்த சீவ் என்ற வடிகட்டி மொழியில் சுழற்சியே கிடையாது, வெளி நிரலை அழைக்கவும் வழி கிடையாது. ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா என்று பொதுவாக முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். சுழற்சியே இல்லாத மொழியில் அந்தக் கேள்வி எழாது, நிரல் கட்டாயம் நிற்கும். ஆயிரம் பேரின் கடிதங்களைச் சுமக்கும் சர்வருக்கு அந்த உறுதி தேவை. ஆனால் சாமையைச் சல்லடையில் மட்டும் சலித்தால் அதே அளவுள்ள கல்லும் சேர்ந்தே விழும், முறத்தில் போட்டுப் புடைக்கிற கையும் வேண்டும். சீவ் மொழிக்கும் அந்தக் கை தேவைப்பட்டது. டவ்காட் சர்வருக்கான பிஜன்ஹோல் நீட்சியில் வெளி நிரலை அழைக்கும் வசதி பின்னால் சேர்ந்தது, கட்டுப்பாடுகளோடு. நிர்வாகி ஒரு குறிப்பிட்ட கோப்புறையில் வைத்த நிரல்களை மட்டுமே அழைக்கலாம், குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் நிறுத்தப்படும். இவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டைப் பார்க்கும்போது மரியாதை தோன்றுகிறது.

செம்மேட்டுப் பெண்ணின் குறுநிரல் இப்படி அமையும். நுழைவாயிலில் வரும் கடிதத்தை வாங்கும். தலைப்பையும் உடலையும் பேஸ்-64இலிருந்து பிரிக்கும். 'கொ' எப்படி வந்தாலும் ஒருவடிவாக்கும். வாழவந்தியைத் தேடி, பின்னால் நாடு, நாட்டு இரண்டில் எது வந்தாலும், இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்கும். மோகனூர் என்று இருந்தால் விலக்கும். உடலில் 637411 இருந்தால் யோசிக்காமல் ஏற்கும். இலக்கத்துக்குக் கொம்பும் இல்லை, காலும் இல்லை. கடைசியில் 0 அல்லது 1. முப்பது வரியைத் தாண்டாது.

பைத்தான் கற்கும் மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. கணக்குப் பொறி, கைபேசி விளையாட்டு என்று தொடங்குவதற்குப் பதிலாக உங்கள் ஊர்ப் பெயரைத் தேடும் அஞ்சல் வடிகட்டி ஒன்றை எழுதுங்கள். யூனிகோடும் பைப்பும் நிகழ்தகவும் பாதுகாப்பும் அந்த முப்பது வரிக்குள்ளேயே வந்து சேரும். தொடக்கத்தில் எந்தக் கடிதத்தையும் அழிக்க விடாதீர்கள். ஓர் அடையாளம் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள், ஒரு மாதம் தீர்ப்பைச் சரிபாருங்கள். ஸ்பேம் ஃபோல்டரையும் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தமிழில் எழுதிய ஒரே குற்றத்துக்காக அங்கே யாரோ ஒருவரின் கடிதம் கிடக்கலாம். நிரல் சரியாக ஓடத் தொடங்கியதும் அதைத் திறந்த மூலமாக வெளியிட்டுவிடுங்கள். வளப்பூர் நாட்டிலோ அரியூர் நாட்டிலோ இருப்பவர் ஊர்ப் பெயரையும், தேவைப்பட்டால் பின்கோடையும், மாற்றிக்கொண்டு பயன்படுத்தட்டும்.